உப்பளத்துச் சாலையில் நாச்சியார்

வேம்பாருக்குத் தெற்கே உப்பளங்களை ஒட்டி அடித்திருந்த படப்பிடிப்புக் கூடாரத்தில் ஒப்பனைக்காரர் சவரக்கத்தியை எடுத்தபோது, பேச்சிராஜா கண்களை இறுக மூடிக்கொண்டான். குதிரையிலிருந்து விழுவதையே பிழைப்பாகக் கொண்டவன் அவன். பெண் வேடமிட்டுக் குதிரையேறுவது அவனுக்குப் புதிதன்று. நாயகியர் பலருக்காக அவன் சேலை கட்டியிருக்கிறான்; சுவர் தாண்டியிருக்கிறான்; ஒருமுறை பல்லையும் இழந்திருக்கிறான். ஆயினும் அன்று காலையில் மீசை போனபோது, அது இன்னொருத்தியின் வாய்ப்பைத் தட்டிப் பறிப்பதற்கான முதற்படி என்பது அவனுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்திருந்தும் அந்த வாய்ப்பின்மேல் ஆசையும் இருந்தது. இரண்டும் சேர்ந்துதான் அவனை உறுத்தின.

அந்த இன்னொருத்தி ரீனா. தூத்துக்குடியில் தோணி வணிகம் செய்த குடும்பத்துப் பெண். தொலைக்காட்சித் தொடர்களில் ஆண்டுக்கணக்காக அழுது, அழுகைக்கே பெயர் பெற்றவள். இப்போதுதான் முதன்முறையாகத் திரைப்பட நாயகியாகியிருந்தாள்.

படமோ பழைய படம். இரண்டு தலைமுறைகளுக்கு முன்னர்க் கறுப்பு வெள்ளையில் வெளிவந்து இந்தக் கரையோரத்தையே கிறங்கடித்த கதையை, இயக்குநர் முத்துச்செல்வம் மீண்டும் எடுத்துக்கொண்டிருந்தார். முத்துக்குளிக்கும் துறையின் உரிமையை ஜமீன்தார் வெள்ளையருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார். அவர் மனைவி நாச்சியார் அதை ஏற்கவில்லை. காலையில் பூசையறையிலும் மாலையில் குதிரையிலுமாக இரட்டை வாழ்வு வாழ்ந்து, முத்து வணிகரின் வில்வண்டிகளைக் கடற்கரைச் சாலையில் வழிமறித்துக் கொள்ளையிடுகிறாள். பழைய படத்தில் மாளிகைக் காட்சிகளில் மட்டுமே நாயகி தோன்றினார். வழிப்பறிக் காட்சிகளில் குதிரைமேல் இருந்தவர் ஓர் ஆண்பிள்ளை. முகத்திரைக்குக் கீழே குரல்வளை துருத்திக்கொண்டு நின்றதைக் கண்டு கொட்டகையே சிரித்ததாம். “என் படத்தில் அந்தப் பித்தலாட்டம் கிடையாது. மாளிகையிலும் அவளே, சாலையிலும் அவளே” என்று முத்துச்செல்வம் செய்தியாளர்களிடம் முழங்கியிருந்தார்.

ரீனா அந்தச் சொல்லை நம்பிக் குதிரையேற்றம் பயின்றாள். தொடை தோலுரிந்தது, இடக்கை மணிக்கட்டு ஒருமுறை பிசகியது. ஆனால் செவலைக் குதிரை அவள் முழங்காலின் அசைவறிந்து நடக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். குறை குதிரையில் இல்லை. வண்டியை மறிக்கும் இடத்தில் இருந்தது. பாய்ந்து வந்து, கடிவாளத்தை இழுத்து, குறுவாளை உயர்த்தி, “நிறுத்து!” என்று அவள் கூவினால், தொடரில் மருமகளை வாசலில் மறிக்கும் மாமியார்தான் கண்முன் வந்தாள். மூன்று நாள்களாக அந்தக் காட்சி தேறவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. உப்பளக்காரர்கள் உப்புக் குவியல்களுக்குக் கீற்று வேய்ந்து மழையை எதிர்நோக்கிக் காத்திருந்தார்கள். படக்குழுவுக்கோ வேய்ந்துகொள்ளக் கீற்று ஏதுமில்லை.

“நீ கொள்ளையடிக்கல ரீனா, பஸ்ஸுக்குக் கை காட்டுத” என்றார் முத்துச்செல்வம், எல்லாருக்கும் கேட்கும்படியாக. “சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போது ஒரே ஒரு தடவ பாப்பேன். வரலேன்னா, நாலு வழிப்பறியும் பேச்சிராஜாவுக்குப் போயிரும். மொகத்த மூடித்தான இருக்கு? குரல அப்புறமாச் சேத்துக்கிடலாம்.”

நான்கு வழிப்பறிகளும் போய்விட்டால் ரீனாவுக்கு எஞ்சுவது மாளிகை. மாளிகையில் எஞ்சுவது அழுகை. அதை யாரும் அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நண்பகலில் எல்லாரும் இலைமுன் அமர்ந்தபோது, முழு வேடத்துடன் செவலையைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் பேச்சிராஜாவிடம் வந்தாள். அவனும் அதே மயில்கழுத்துப் பட்டுச்சேலையும் அதே வெள்ளி ஒட்டியாணமும் அணிந்து, ஒரு முக்காலியில் கால்பரப்பி அமர்ந்திருந்தான். அவள் அவனை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

“மீச போனதும் அம்சமாத்தான் இருக்கிய அண்ணே. எனக்கு மூத்த நாத்தனா மாதிரி.”

“ஒங்க வாய்ப்பப் பறிக்கத்தான் வந்திருக்கேன்னு நெனச்சிராதிய, ரீனாம்மா.”

“நெனச்சேன். நெனைக்காம இருக்கதுக்கு நா என்ன மாதாவா?” என்றாள் அவள். பின்னர்க் குரலைத் தாழ்த்தி, “எந்திச்சு வாங்க. சாலையில நின்னு நாலு தடவ ஒத்திகை பாக்கணும். நீங்கதான் வண்டி” என்றாள்.

அவன் சோற்றைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்தான்.

உப்பளத்தை ஒட்டிய பழைய சாலை மாலையில்தான் படப்பிடிப்புக்காக அடைக்கப்படும். அப்போது அது வெறிச்சோடிக் கிடந்தது. பேச்சிராஜா வண்டியாக நடந்து வந்தான்; ரீனா பாய்ந்து வந்து “நிறுத்து!” என்றாள். அவன் நின்றான். மறுபடியும் நடந்தான், மறுபடியும் கூவினாள். ஐந்தாறு முறைக்குப் பிறகு அவள் தொண்டை கம்மிவிட்டது. “சேசு மரி சூசையே” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, குதிரையைச் சாலைக்குக் குறுக்காகத் திருப்பி நிறுத்தினாள். அவ்வேளையில்தான் வளைவில் ஒரு வேன் தோன்றியது.

குதிரை மிரண்டுவிடக் கூடாதே என்று அவள் வலக்கையை நீட்டினாள். மெதுவாக வருமாறு ஓட்டுநருக்குச் சொல்ல நினைத்தாள், அவ்வளவுதான். ஆனால் வேன் மெதுவாகவில்லை, நின்றேவிட்டது. முன்கண்ணாடியில் வேப்பிலைக் கொத்தும் மஞ்சள் துணியும் கட்டப்பட்டிருந்தன. கதவு திறந்தது, ஆள்கள் ஒருவர்பின் ஒருவராக இறங்கினார்கள், இறங்கியவர்கள் செருப்பைக் கழற்றினார்கள்.

பேச்சிராஜாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. குலசை எனப்படும் குலசேகரன்பட்டினத்தில் தசரா நடக்கும் நாள்கள் அவை. அந்நாள்களில் தென்கரைச் சாலைகளில் காளியும் குறத்தியும் காவலரும் அரசரும் எதிரே வந்தால் எவரும் வியப்பதில்லை. நேர்ந்துகொண்ட வேடத்தைப் போட்டுக்கொண்டு, கையேந்திக் காணிக்கை வாங்கி, அதை முத்தாரம்மன் உண்டியலில் சேர்ப்பது இம்மக்களின் வழக்கம். அவர்களுள் பெண் வேடமிட்ட ஆண்களுக்கும் குறைவில்லை. வேடமிட்டவரை அந்த நாள்களில் அம்மனின் ஆளாகவே ஊர் மதிக்கும். பட்டுடுத்தி, முகத்திரையிட்டு, குறுவாள் செருகி, குதிரைமேல் சாலையை மறித்துக் கைநீட்டி நிற்பவளை அவர்கள் வேறு யாரென்று நினைப்பார்கள்?

முதலில் வந்தவர் சங்கரம்மாள் என்ற ஐம்பது வயதுப் பெண்மணி. உப்பளத்து வேலையால் உள்ளங்கால் வெடித்தவர். “தாயே” என்று கும்பிட்டு, முடிச்சவிழ்த்த பணத்தைக் குதிரைமேலிருந்தவளின் உள்ளங்கையில் வைத்தார். அடுத்து அவருடைய மருமகள், அடுத்து அக்கம்பக்கத்தார். இருக்கையைவிட்டு எழாதிருந்த ஓட்டுநரை ரீனா ஒருமுறை பார்த்தாள். அவரும் இறங்கி வந்துவிட்டார்.

“எம் பேரு மகாராஜா தாயே” என்றார், சட்டைப்பையைத் துழாவியபடி. “ராணி வந்து மறிச்சா மகாராஜாவும் எறங்கித்தான ஆவணும்?”

‘இது சினிமா வேடம்’ என்று சொல்லத்தான் பேச்சிராஜா வாயைத் திறந்தான். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. ஏனெனில், அவன் ரீனாவைப் பார்த்துவிட்டான்.

அவள் குனியவில்லை. கொடுத்தவர்கள்தாம் கையை உயர்த்தினார்கள். திகைப்பில் முதல் நோட்டை வாங்கியவளின் முதுகு, இரண்டாமவர் வந்தபோது தானாகவே நிமிர்ந்தது. அவசரம் இல்லை, புன்னகை இல்லை, நன்றி இல்லை. ஒவ்வொருவர் முகத்தையும் முழுமையாகப் பார்த்தாள், வாங்கினாள், அடுத்தவருக்காகக் காத்திருந்தாள். கத்தியும் துப்பாக்கியும் காட்டி வழிமறித்த நாயகர் எத்தனையோ பேரைப் பேச்சிராஜா கண்டிருக்கிறான். அவர்கள் கையால் எத்தனையோ முறை செத்தும் இருக்கிறான். வெறுங்கையை நீட்டிக் காத்திருந்தே ஒரு வண்டியைக் காலிசெய்த ஒருத்தியை அவன் அன்றுதான் கண்டான். அவனுடைய கால்களே அவனை அறியாமல் ஒன்றுசேர்ந்து நின்றன.

“இது யாரு, ராணிக்குத் தோழியா?” என்று மருமகள் அவனைச் சுட்டிக் கேட்டாள். “எந்த ஊரு தசரா செட்டுலே நீ? சேலைய இன்னும் கொஞ்சம் எறக்கிக் கட்டு, காலு முடி தெரியுது பாரு.” சொல்லிவிட்டு ஒரு நாணயத்தை அவன் கையிலும் வைத்தாள். வேனே சிரித்தது.

அந்தச் சிரிப்பில்தான் ரீனா விழித்துக்கொண்டாள். முகத்திரையை விலக்கினாள். “ஐயோ, நில்லுங்கக்கா! இது நேர்ச்ச வேசம் இல்ல. சினிமாவுக்குப் போட்டது. நா வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போறவ. இந்தாங்க, எல்லாத்தயும் திருப்பி வாங்கிக்கிடுங்க.”

சங்கரம்மாள் தம் இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். “நல்லா இருக்கே! அம்மனுக்குன்னு குடுத்தத அம்மன்கிட்ட இருந்து புடுங்கச் சொல்லுதியா?”

“அம்மன் வேசமே இல்லங்கேன்!”

“எங்களுக்கு இருந்துச்சுல்லா? ஒங்கையில வந்து வுழுந்தாச்சு. கொண்டுபோய்ச் சேத்துரு. வேதக்காரின்னா குலசைக்கு பஸ் போவாதாக்கும்?” என்றவர், வேனில் ஒரு காலை வைத்தபடியே திரும்பினார். “ஏளா, சேக்குத வரைக்கும் வேசத்தக் களஞ்சிராத, ஆமா.”

வேன் போய்விட்டது. கொள்ளையைத் திருப்பித் தர வழிப்போக்கரிடம் கெஞ்சிய கொள்ளைக்காரியும், அதை வாங்க மறுத்துவிட்டுப் போன வழிப்போக்கரும் வேறெந்த ஊர்ச் சாலையிலாவது உண்டா என்று பேச்சிராஜா எண்ணிக்கொண்டான். சேணத்தில், கொள்ளைப்பொருள் போடுவதற்கென்று வெற்றுக்காகிதம் திணித்த ஒரு வெல்வெட்டுப் பை தொங்கியது. ரீனா காகிதத்தை எடுத்தெறிந்துவிட்டுக் காணிக்கையை அதில் இட்டாள். அவனும் தன் நாணயத்தைக் கொடுத்தான்.

பையின் வாயை அவள் இறுக்கிக் கட்டினாள். பிறகு, “அண்ணே, இந்த மூணு நாளா நா கெஞ்சிக்கிட்டுல்லா இருந்திருக்கேன்? சத்தமாக் கெஞ்சியிருக்கேன், அவ்வளவுதான்” என்றாள்.

மாலையில் சாலையை அடைத்தார்கள். வில்வண்டி தயாராக நின்றது. முத்து வணிகராகத் தூத்துக்குடி நாடகக்காரர் கிளைட்டன் உள்ளே அமர்ந்திருந்தார். வண்டியும் காளைகளும் நல்லக்கண்ணு என்பவருடையவை. மாடுகள் பிறர் சொல்லுக்கு அடங்கா என்பதால் அவரையே வண்டிக்காரராகத் தலைப்பாகையுடன் அமர்த்தியிருந்தார்கள். மேகத்தின் கீழ்விளிம்பில் கொஞ்சம் வெயில் மிச்சமிருந்தது. முத்துச்செல்வம் குரல் கொடுத்தார்.

ரீனா பாய்ந்து வரவில்லை. செவலையை நடையாகவே நடத்தி வந்தாள். சாலையின் நடுவில் குறுக்காக நின்றாள். குறுவாள் உறையிலேயே இருந்தது. கையை நீட்டினாள்.

வண்டி நின்றது. நல்லக்கண்ணு அவளைப் பார்த்தார். வண்டியிலேயே அமர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவரோ மெல்ல இறங்கினார். தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். ‘யாரடி நீ?’ என்று உறுமவேண்டிய கிளைட்டன், வண்டிக்காரரைப் பார்த்தார். குதிரைமேல் இருந்தவளைப் பார்த்தார். முத்துப்பையை இரு கைகளாலும் ஏந்திக் கொடுத்தார். அவள் பையைப் பிரித்துப் பார்க்கவில்லை. தனக்குரியது குறைந்திருக்காது என்ற உறுதியோடு குதிரையைத் திருப்பிக்கொண்டு போனாள்.

முத்துச்செல்வம் காட்சியை நிறுத்தச் சொல்லச் சற்றுத் தாமதமாயிற்று. சொன்னதும் வெடித்தார்.

“வசனம் எங்க? மூணு பக்கம் ரீனா! ‘நிறுத்து’ எங்க? ‘இந்த முத்து யாருடைய வியர்வை’ எங்க?”

“எதுக்கு சார் கேக்கணும்? அவளோட முத்து. வாங்கிக்கிட வந்திருக்கா” என்றாள் ரீனா.

“அதையெல்லாம் நா தீர்மானிக்கணும்.” அவர் வானத்தைப் பார்த்தார். “பேச்சிராஜா, ஏறு. வெளிச்சம் போவுது.”

பேச்சிராஜா ஏறினான். இங்கே உண்மையைச் சொல்லியாக வேண்டும்: அவன் விட்டுக்கொடுக்கும் எண்ணத்தோடு ஏறவில்லை. நான்கு பெரிய காட்சிகள் ஒருவனுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. தன் வித்தை முழுவதையும் அந்த ஓட்டத்தில் காட்டினான். புழுதி பறக்க வந்தான், செவலையை இரு கால்களில் நிமிர்த்தினான், குறுவாள் மின்னியது, “நிறுத்து!” என்ற குரலில் காளைகள் பின்வாங்கின. பிசகென்று ஒன்றையும் சொல்ல முடியாது. காட்சி முடிந்ததும் நல்லக்கண்ணு, அமர்ந்த இடத்திலிருந்து அசையாமல், “ஏலே பேச்சி, மீசய எடுத்தும் மீச தெரியுதுலே!” என்றார். விளக்குக்காரர்கள்வரை சிரித்தார்கள்.

முத்துச்செல்வம் சிரிக்கவில்லை. குடைக்கடியில் இருந்த சிறு திரையில் இரண்டையும் போட்டுப் பார்த்தார். பேச்சிராஜா அவர் தோளுக்குப் பின்னால் நின்றான். முதலில் அவனுடையது ஓடியது. நன்றாகத்தான் இருந்தது, தேர்ந்த கொள்ளைக்காரன் ஒருவன் வண்டியொன்றை மறித்தான். அடுத்து ரீனா வந்தாள். சாலையும் உப்பும் அந்த மங்கல் வெயிலும் அவளுடைய வீட்டு முற்றம்போல் இருந்தன. பிறருடைய வண்டி அங்கே வழிதவறி நுழைந்துவிட்டாற்போல் இருந்தது. அவள் திரும்பிப் போனபின்னரே, தான் மூச்சுவிடாமல் நின்றிருந்தது அவனுக்குத் தெரிந்தது.

“அண்ணாச்சி!” என்று இயக்குநர் நல்லக்கண்ணுவை அழைத்தார். “ஒங்கள யாரு எறங்கச் சொன்னா?”

“ஒருத்தரும் சொல்லல. எறங்கப்பிடாதாக்கும்?” நல்லக்கண்ணு தடுமாறினார். “அவுக அங்கன நிக்கும்போது மேல ஒக்காந்துகிட்டு இருக்க ஒரு மாதிரி இருந்துச்சு. தப்புன்னா சொல்லுங்க, ஏறிக்கிடுதேன்.”

முத்துச்செல்வம் பேச்சிராஜாவை நிமிர்ந்து பார்த்தார். “நீ என்னலே சொல்லுத? ஒன்னோடது சுத்தமா வந்திருக்கு. வேணும்னா நாலையும் நீயே பண்ணலாம்.”

கேட்டவர் விளையாட்டுக்காகக் கேட்கவில்லை. பத்தடி தள்ளி, குதிரையின் பிடரியில் கைவைத்தபடி நின்ற ரீனாவுக்கும் அந்தக் கேள்வி கேட்டது. அவள் கெஞ்சவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. பேச்சிராஜா ஒட்டியாணத்தைச் சற்றுத் தளர்த்திக்கொண்டான்.

“அந்த வண்டிக்குள்ள நா இருந்தேன்னு வைங்க சார். எனக்கு நா குடுக்க மாட்டேன். குதிச்சு ஓடிருவேன். அவுகளுக்குக் குடுத்திருவேன்.”

முத்துச்செல்வம் சிறு திரையை அணைத்தார். “மூணு பக்க வசனத்தயும் எடுத்திரு ஜெர்சன்” என்று இயக்குநர் தயாரிப்பு நிருவாகியிடம் சொன்னார். “நாலும் அவங்களுக்குத்தான்.” பிறகு பேச்சிராஜாவிடம், “நாளைக்கு நீ வெள்ளக்காரன் கும்பினிக் காவலாளு. அவங்கள எதுத்துப் போயி, தோத்து, விழுந்து சாவணும்” என்றார்.

“அது நமக்குப் பழகுன வேலதான் சார்” என்றான் பேச்சிராஜா. வலித்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் நல்ல சாப்பாட்டை நல்ல பசிக்காரிக்கு விட்டுக்கொடுத்தவனின் வலி அது; தாங்கக்கூடியதுதான்.

வேடத்தைக் களையாமலே ரீனா குலசைக்குப் புறப்பட்டாள். வாடகை நகைகளை எண்ணிக் கவலைப்பட்ட ஜெர்சனும் கூடவே வண்டியில் ஏறிக்கொண்டார். கோயிலில் ஆயிரம் வேடங்களுக்கு நடுவே அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றும், உண்டியலில் பையைக் கவிழ்த்துவிட்டுச் சிலுவை போடப்போன கையை அவள் பாதியில் நிறுத்திக் கும்பிட்டாள் என்றும் மறுநாள் ஜெர்சன் வந்து சொன்னார்.

மறுநாள் காலை மழை வரவில்லை. காவலாள் உடுப்பில் பேச்சிராஜா வாளை ஓங்கிக்கொண்டு நாச்சியாரை நோக்கிப் பாய்ந்தான். அவள் அசையாமல் நின்றாள். கடைசி நொடியில் குறுவாள் உறையைவிட்டு வந்தது, ஒரே வீச்சு. குறித்த இடத்தில், குறித்த தோளில், புழுதி எழும்ப அவன் விழுந்தான். அதில் பழுதில்லை. விழுந்தவன் கண்களை மூடிப் பிணமாகக் கிடக்க வேண்டும். தொழிலில் அவனுக்குக் கைவந்த கலை அதுதான். ஆனால், நாச்சியார் அவனைக் கடந்து, திரும்பியும் பாராமல், உப்பின் வெண்மைக்கு நடுவே நடையாகக் குதிரையைச் செலுத்திப் போய்க்கொண்டிருந்தாள். குளம்பொலி தொலையும்வரை அவன் கண்கள் மூடவில்லை.

“ஏலே!” என்று முத்துச்செல்வம் ஒலிபெருக்கியில் அலறினார். “செத்த பொணம் எங்கயாச்சும் தலையத் தூக்கிப் பாக்குமாலே?”

பேச்சிராஜா எழுந்து, முழங்காலில் ஒட்டிய உப்பைத் தட்டிக்கொண்டான்.

“இன்னொருக்கா சாவுதேன் சார்” என்றான். “ஆனா அவுகள அந்தப் பக்கமாப் போவச் சொல்லுங்க. இந்தப் பக்கம் போனா மறுபடியும் பாத்துருவேன்.”